மஞ்சள் பை

காலை எட்டேகால். கடலூர் நிலையம். பொங்கோல் இலகு ரயிலின் கிழக்குச் சுற்றில் இருக்கும் இந்தப் பெயர், ஊருக்குப் புதிதாக வரும் தமிழர்களை ஒரு கணம் நிற்க வைத்துவிடும். கடலும் ஊரும் சேர்ந்த நம்முடைய சொல். அடுத்த நிலையம் ஒயாசிஸ், பாலைவனச் சோலை. அதற்கும் அடுத்தது டமாய். மலாயில் அமைதி என்று பொருள்.

என் காலில் ஆறாத சர்க்கரைப் புண். கட்டு மாற்றிக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் ஒயாசிஸில் உள்ள பலதுறை மருந்தகத்துக்குப் போகிறேன். பணி ஓய்வு பெற்றவன், அவசரம் கிடையாது. நடைமேடை நாற்காலியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் பேச மாட்டேன்.

அந்த அம்மாவையும் மகனையும் முதலில் பார்த்தது இங்கேதான். ஆறேழு மாதம் இருக்கும். அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது சொல்லலாம். பூப்போட்ட பஞ்சாபி உடை, தலையில் ஒரு முழம் மல்லிகை, கையில் எழுத்து அழிந்துபோன ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பை. மகனுக்கு முப்பதுக்கு மேல். நல்ல உயரம், கனத்த உடம்பு. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. இரண்டு காதிலும் பாட்டுக் கேட்கும் கருவி. அதன் ஒயரைக் கண்ணால் தொடர்ந்து போனேன். நுனி சட்டைப்பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை.

அம்மா பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். திருநீறு. மகன் சொல்லாமலே குனிந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்ன விரல்களுக்கு எட்டுகிற உயரத்துக்கு வளைந்து நின்றது. நெற்றியில் பூசி, மிச்சத்தை ஊதி, கண்ணில் விழாமல் கையால் மறைத்தார். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அவரிடம் இல்லை.

பிறகு அதே பையின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா. இதை எடுக்கும்போது மட்டும் இடமும் வலமும் பார்த்தார். உள்ளங்கையை மூடியபடியே மகன் கையில் வைத்தார். அவன் விழுங்கியதும் டப்பா பையின் அடிக்குப் போய்விட்டது.

ஒயாசிஸில் மூவரும் இறங்கினோம். மருந்தகத்தின் கண்ணாடிக் கதவுக்கு நாலடி முன்னால் அம்மா நின்றார். துப்பட்டா நுனியால் மகன் நெற்றியைத் துடைத்தார். பத்து நிமிடத்துக்கு முன் அத்தனை பக்குவமாகப் பூசிய திருநீறு. துடைத்துவிட்டு அவன் முகத்தை ஒருமுறை சரிபார்த்து உள்ளே அழைத்துப் போனார்.

அன்று முழுக்க அந்தத் துப்பட்டா நுனி என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

செங்காங் ரிவர்வேல் கிரசெண்டில் இருக்கும் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் போவது என் வழக்கம். அங்கேயும் அவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். அர்ச்சனைச் சீட்டு, தேங்காய், வெற்றிலை எல்லாம் மஞ்சள் பையிலிருந்துதான் வரும். இரவு மாத்திரைக்கு நேரம் வந்ததும் அம்மா மகனை வெளியே அழைத்துப் போவார். செருப்பு விடும் இடத்துக்கு அப்பால், குழாயடியில், சுவர் மறைவில் டப்பா திறக்கும்.

மருந்தகத்தில் சாமியை மறைக்கிறார். கோயிலில் மருந்தை மறைக்கிறார். இரண்டு இடத்திலும் அந்தப் பை பாதிதான் திறக்கிறது.

கோயிலில் இன்னொன்றும் பார்த்தேன். அன்னதானம் முடிந்ததும் அந்தப் பையன் பாத்திரம் கழுவப் போவான். யாரும் கூப்பிடுவதில்லை, தானாகவே போவான். சாம்பார் அண்டாவுக்குள் தலையும் தோளும் நுழைகிற மாதிரி குனிந்து தேய்ப்பான். அந்த வேலை நடக்கும்போது காதில் ஒன்றும் இருக்காது. ஒயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுவிடுவான். தண்ணீர்ச் சத்தம், கரண்டிகள் மோதும் சத்தம், பக்கத்தில் தொண்டூழியர்களின் பேச்சு. அரை மணி நேரம் அவன் அதற்குள் இருப்பான். முடிந்து கை துடைத்ததும் மறுபடியும் காதில் மாட்டிக்கொள்வான்.

அவன் காதில் என்ன கேட்கிறது என்பது அவனுக்கும் அவன் மருத்துவருக்கும் உரியது. எனக்கு அந்த ஒயர் புதிதல்ல. என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. எங்கள் அம்மா அவரை ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போனார். பதினோரு மாதம். வேப்பிலை, எலுமிச்சை, நள்ளிரவுப் பூசை. அண்ணன் இளைத்துக்கொண்டே போனார். கடைசியில் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த மருத்துவர் அம்மாவின் கையிலிருந்த மந்திரித்த கயிற்றைப் பார்த்து, “இந்தக் குப்பையை எல்லாம் விட்டால்தான் உன் பிள்ளை தேறுவான்” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மருந்து மட்டும் வாங்கி வந்தார், மறுமுறை போகவில்லை. முதலாமவர் மருந்தைச் சேர்க்காதே என்றார், இரண்டாமவர் சாமியைச் சேர்க்காதே என்றார். நடுவில் அண்ணனின் இருபது வருடம் போயிற்று. அவர் இப்போது இல்லை.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஒருவரைத் திட்ட ‘உட்பிரிட்ஜ்’ என்ற ஒரே சொல் போதும். 1928-ல் திறந்த மனநோய் மருத்துவமனைக்கு 1951-ல் வந்த பெயர் அது. 1993-ல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆனது. பொங்கோலிலிருந்து ஊதா ரயிலில் ஏறினால் முதல் நிலையம் செங்காங், இரண்டாவது புவாங்கோக். அதே ரயிலில் உட்கார்ந்திருந்தால் ஃபேரர் பார்க்கில் பெருமாள் கோயில், அடுத்த லிட்டில் இந்தியாவில் இறங்கி நடந்தால் வீரமாகாளியம்மன். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் ஒரே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே வழி இல்லாமல் இருந்தது.

அண்டா தேய்க்கும் அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வரும். வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரில் முத்துசுவாமி கோயில். மனம் பேதலித்தவர்களைக் கொண்டுவந்து தங்கவைக்கும் இடம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ரகுராமும் கூட்டாளிகளும் 2000-ஆம் ஆண்டு மூன்று மாதம் அங்கே போய்ப் பார்த்தார்கள். தங்க வந்த 31 பேரை வந்த அன்றும் கிளம்பிய அன்றும் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரத் தங்கல். மருந்து கிடையாது, பேயோட்டும் சடங்கு கிடையாது. காலையில் பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. வீட்டார் ஒருவர் கூடவே இருப்பார். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்து தரும் பலனோடு ஒப்பிடத் தக்கது என்று 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்.

31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. கோயிலுக்கு வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனாலும் அந்த ஆய்வாளர்கள் பலனுக்குக் காரணமாகச் சொன்னது என் மனத்தில் நிற்கிறது. மிரட்டாத, அரவணைக்கிற இடம் ஒன்றில் தங்கியது. செங்காங்கில் அண்டா கழுவும் இடத்தில் நான் பார்ப்பதும் அதைத்தான்.

அந்த ஆய்வு நடந்ததற்கும் அச்சானதற்கும் இடையில் ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்ட் 6, விடியுமுன் தீ. தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம். சங்கிலியால் கட்டிலோடு பிணைத்திருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த காலையில் என் அம்மா சோறு உண்ணவில்லை.

ஏர்வாடிக்குப் பிறகு நம்பிக்கையை முழுதாக விரட்டிவிட வேண்டும் என்று பேசியவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சனங்கள் தர்காவுக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தப்போவதும் இல்லை. அதைப் புரிந்துகொண்ட சில மருத்துவர்கள் தர்காவுக்கே போனார்கள். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய ஏற்பாட்டுக்குப் பெயர் தவா – துவா. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவின் ஊழியர் ஓதிவிட்டு, “அங்கே போய் டாக்டரையும் பாரு” என்று அனுப்புவார். அந்த முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலிலும் அப்படித்தான். ஒரு மண்டலம், 48 நாள் தங்குகிறார்கள். உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள். அதே கோயிலை ஒட்டி உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது, மனநல மருத்துவரும் வருகிறார்.

என் அம்மாவுக்கு அப்படி ஒரு வாசல் கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். தைப்பூசத்துக்கு நாள் எண்ணத் தொடங்கியிருந்த நேரம். வடகிழக்குப் பருவமழை பொங்கோல் நீர்வழியை நிரப்பிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு கையில் குடை, ஒரு கையில் பை என்று மகனை நனையாமல் கொண்டுவருவதில் தடுமாறி, கண்ணாடிக் கதவருகே நிற்க மறந்துவிட்டார். அவன் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. மழையில் கரைந்து புருவம் தாண்டிக் கண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

வரிசை எண் பார்த்துக்கொண்டு வந்த தாதி அதைக் கவனித்தார். மலாய்ப் பெண், முப்பது வயதுக்குள். தலையில் தூடோங் முக்காடு. அரசாங்க மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் முஸ்லிம் தாதியர் தூடோங் அணிய 2021 நவம்பரில்தான் அனுமதி வந்தது. அவர் மெல்லிழைத் தாள் எடுத்து அவன் கண்ணோரம் வழிந்ததை மட்டும் ஒற்றினார். நெற்றியைத் தொடவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்து,

“சுடா செம்பயாங், மக்சிக்?” என்றார். சாமி கும்பிட்டாச்சா அம்மா என்று கேட்கிறார்.

அம்மா துப்பட்டாவைத் தேடிய கையை எடுத்துவிட்டார். அந்தத் தலைமுறைக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. முதலில் ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம், பிறகு மடை திறந்துகொண்டது. நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்.

தைப்பூசத்துக்கு மகன் பால்குடம் எடுக்கிறான். நேர்த்திக்கடன். விரதம் தொடங்கியாயிற்று. ஒரு வேளைச் சாப்பாடுதான், அதுவும் சைவம். கடைசி மூன்று நாள் தண்ணீரும் குறைவாகக் கொடுப்பதாக வேண்டுதல். அந்த மூன்று நாளும் சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, போன பிறவியில் தான் செய்த பாவம்தான் பிள்ளைமேல் வந்துவிட்டது என்றார். முருகன் தங்களை மறந்துவிட்டானோ என்று ராத்திரியில் தோன்றுகிறது என்றார்.

தாதி சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. “எங்களுக்கும் புவாசா மாதம் இருக்கு, மக்சிக். நோன்பு வைக்கிறவங்களுக்கு டாக்டர் மருந்து நேரத்தை மாத்திக் கொடுப்பாங்க. உங்களுக்கும் கேட்போம். நீங்களா நிறுத்திடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டார். நான் அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்தேன். என் கண் கலங்கிவிட்டது.

அந்த எழுத்தின் அருமை, மருந்தின் போக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். உணர்ச்சிக் கொந்தளிப்பு நோய்க்குத் தரும் லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் அந்த உப்பை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். இரத்தத்தில் அளவு ஏறி, கை நடுக்கம், வாந்தி, குழப்பம் என்று நஞ்சாக மாறும். இன்னும் சில மாத்திரைகளை உணவோடு எடுத்துக்கொண்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். மனச்சிதைவுக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த குரல்கள் திரும்பி வரலாம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை கூட்டத்துக்கும் மேளத்துக்கும் நடுவே, பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் மருந்தில்லாமல் அந்தப் பையன் நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். மருத்துவரின் கணினியில் அவனுடைய இரத்தம், எடை, மருந்தின் அளவு எல்லாம் இருந்திருக்கும். விரதம் இருந்திருக்காது. மூன்றே சொல்லில் ஒரு தாதி கேட்டதால் அதுவும் ஏறியது.

மன மருத்துவத்தில் ஆன்மிகத்தைச் சேர்ப்பது என்று உலகெங்கும் பெரிதாகப் பேசுகிறார்கள். மதம் ஒரு மாயை என்று 1927-ல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு புத்தகம் எழுதினார். அவரோடு பழகிப் பிரிந்த யுங் வேறு திசையில் போனார். அந்த வழக்கு நீளமானது, என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. நடைமுறையில் ஆகவேண்டியது சிறிய காரியம். அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996-ல் நான்கு கேள்விகளை வகுத்தார். உங்களுக்கு எதில் நம்பிக்கை? அது உங்கள் வாழ்வில் எவ்வளவு முக்கியம்? உங்களோடு சேர்ந்து வழிபடுகிறவர்கள் இருக்கிறார்களா? உங்கள் சிகிச்சையில் இதை நான் எப்படிக் கவனத்தில் கொள்ளட்டும்? கேட்கிறவர் பக்தராக இருக்கத் தேவையில்லை. உலக மனநல மருத்துவச் சங்கம் 2016-ல் வெளியிட்ட நிலைப்பாடும் இதையே சொல்கிறது. நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டறியுங்கள், உங்களுடைய நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அவர்மேல் திணிக்காதீர்கள். எனக்குச் சாமி இல்லை என்கிறவருக்கும் இந்த மதிப்பு உண்டு. 2020 குடிமதிப்பின்படி சிங்கப்பூரில் நூற்றுக்கு இருபது பேர் அப்படிச் சொல்கிறவர்கள்.

கேட்டால் ஆறுதல் மட்டும் வெளியே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. காயமும் வரும். அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாரே, முருகன் மறந்துவிட்டானோ என்று, அதுவும் ஒரு நோய்க்குறி. கென்னத் பார்கமெண்ட் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் நோயுற்ற முதியோர் 596 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2001-ல் எழுதினார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று தவித்தவர்களிடையே மரண அபாயம் கூடியிருந்தது. பக்தி தாங்கவும் செய்யும், அறுக்கவும் செய்யும். எது நடக்கிறது என்று கேட்காமல் எப்படித் தெரியும்? பாவம், பிறவி என்று அந்த அம்மா சுமக்கும் பாரத்தை இறக்க ஓர் ஆலோசகரும் வேண்டும், “நோய்க்குப் பாவம் காரணமில்லை அம்மா” என்று கர்ப்பகிருகத்துக்கு முன்னால் நின்று சொல்ல ஓர் அர்ச்சகரும் வேண்டும். அர்ச்சகர் சொன்னால் அந்த அம்மா அன்றிரவு தூங்குவார் என்று நான் நம்புகிறேன்.

இந்த ஊரில் 2016-ல் நடத்திய மனநல ஆய்வில், ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு மனநோய் வந்திருப்பது தெரிந்தது. அவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் உதவி நாடவில்லை. மருத்துவரிடம் போகாதவர்கள் எங்கேதான் போகிறார்கள்? வெள்ளிக்கிழமை நான் உட்காரும் தூணுக்குப் பக்கத்தில் அவர்களில் சிலர் இருக்கிறார்கள். பொங்கோல் அல்-இஸ்லா பள்ளிவாசலிலும் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயங்களிலும் இருப்பார்கள்.

ஆறேழு மாதமாக அந்தப் பையின் இரண்டு பாதியையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். விரதம் தொடங்கியதும் எனக்குத் தெரியும், குழாயடி மாத்திரையும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பார்ப்பது என் வழக்கம், பேசுவது என் வழக்கமில்லை என்று இருந்துவிட்டேன். தாதி அன்று கேட்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு என்னை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோயில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களே, தைப்பூசத்துக்கு விரத முறைகளை அச்சடித்து ஒட்டுகிறீர்கள். அந்தத் தாளில் இரண்டு வரி சேருங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் விரதத்துக்காக மருந்தை நிறுத்த வேண்டாம், மாத்திரை தீட்டு ஆகாது. விரதம் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதன் கீழே 1771 என்ற எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். 2025 ஜூனிலிருந்து இயங்கும் தேசிய மனநல உதவி எண் அது. இரவிலும் எடுப்பார்கள்.